சுக்கானியை முதலில் பார்த்தவர்

சிறுவயது நினைவு என்றால் அவரவர் தம் சிறுவயதைத்தான் எழுதுவார்கள். நான் எழுதப்போவது என் தம்பி மகளின் பதினைந்தாம் வயதில் நடந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு தாண்டியிருந்தது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வுபெற்றிருந்தேன். ஆனாலும் அந்த விஷயத்தில் சிறுபிள்ளையாக நடந்துகொண்டது நான்தான் என்பதால், இதை என் சிறுவயது நினைவு என்றே எழுதிவிடலாம். தம்பி மகள் இதைப் படித்தாலும் மறுக்கமாட்டாள்.

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு. கீழே நானும் என் மனைவியும், மாடியில் தம்பி குடும்பமும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையை எங்கள் கூடத்தில் எறிந்துவிட்டு, பெரியம்மாவிடம் தின்ன எதையாவது வாங்கிக்கொண்டு, என் புத்தக அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவாள். அதில் இருந்தவை எல்லாம் நான் பாடம் நடத்திய புத்தகங்கள். அவற்றில் தனக்கு வேண்டியது ஒன்றும் இல்லை என்பதை மரியாதை குறையாமல் என்னிடம் சொல்ல அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

கேம்ப் ரோடில் அப்போது ஒரு வாடகை நூலகம் இருந்தது. ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரே அறை. என் பெயரில் அங்கே ஓர் உறுப்பினர் அட்டை எடுத்தேன். முதல் நாளே அவள் தலையணை கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அட்டையில் நீலக் கடல், அதில் ஒரு மணிக்கூண்டு, பொன்னிற எழுத்துகள். நான் புரட்டிப் பார்த்துவிட்டு, "பஞ்சுமிட்டாய்" என்றேன்.

"ஒரே ஒரு அத்தியாயம் படிங்க பெரியப்பா. பிடிக்கலைன்னா உங்க ஸ்கூட்டரை ஒரு மாசம் நான் துடைக்கிறேன்."

ஸ்கூட்டர் துடைபடவில்லை. அன்று மதியம் ஆரம்பித்தவன் விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வாசலில் யாராவது வந்தால் மட்டும் புத்தகத்தின் மேல் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். முப்பது வருடம் இலக்கியம் நடத்தியவன் சிறுவர் புத்தகத்தை வாய் பிளந்து படிக்கிறான் என்று பக்கத்து வீட்டு வங்கி மேலாளர் நினைத்துவிடக் கூடாதே.

அந்த வரிசையில் ஏழு புத்தகங்கள். எங்கள் வீட்டில் அதற்கு மணித் தீவுகள் என்று பெயர். ஒவ்வொரு தீவிலும் ஒரு மணி இருக்கும். மணி அடிப்பது நின்றால் கடல் அந்தத் தீவை எடுத்துக்கொள்ளும். மணியடிக்கும் ஒரு சிறுமிதான் கதாநாயகி. தாய் தகப்பன் இல்லாத அவளைத் தீவுக்குத் தீவு ஏற்றிச் செல்பவன் ஒரு சுக்கானி, படகு செலுத்துகிறவன். அவன் அதிகம் பேசமாட்டான், விசிலடிப்பான். அவன் படகில் ஒரே ஒரு விதி உண்டு: ஏறியவர்கள் பொய் சொல்லக் கூடாது. சொன்னால் படகில் தண்ணீர் ஏறும். சின்னப் பொய்க்குக் கணுக்கால் வரை, பெரிய பொய்க்கு முழங்கால் வரை. மூன்றாவது புத்தகத்தில் ஒரு ராஜா அந்தப் படகில் ஏறி, பாதி வழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் காட்சி வரும். அதை எழுதியவரை நேரில் பார்த்தால் எழுந்து நின்று வணங்கியிருப்பேன். எத்தனையோ பெரிய நாடகங்களை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அரசனின் பொய்யை இவ்வளவு எளிதாகக் குழந்தைகளுக்குக் காட்டிய இன்னொரு பக்கத்தை நான் படித்ததில்லை.

தம்பி மகளுக்கு அது புத்தகமாக இல்லை, இன்னொரு ஊராக இருந்தது. தினசரி நாட்காட்டித் தாள்களைப் பின்பக்கமாக ஒட்டி, தீவுகளின் வரைபடம் ஒன்று போட்டு பீரோ கதவில் மாட்டியிருந்தாள். சுக்கானியின் விசில் இன்ன மெட்டில்தான் இருக்கும் என்று தானாகவே முடிவு செய்து, மாடிப்படி ஏறும்போதெல்லாம் அடிப்பாள். "பொம்பளப் பிள்ளை விசிலடிக்காதடி" என்று மேலேயிருந்து அவள் அம்மாவின் குரல் வரும். "அடிக்கலேன்னா காத்து திசை மாறிடும்மா" என்று இவள் பதில் சொல்வாள்.

எனக்கும் அவளுக்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டது. கதையைப் பற்றிப் பேசும்போது யார் பிசகினாலும் மற்றவர் அந்த இடத்திலேயே திருத்திவிடவேண்டும். விருந்தாளிகள் இருந்தாலும் சரி, நடுரோடாக இருந்தாலும் சரி. ஒருமுறை மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே பெரிய தீவின் மணியைச் செப்பு மணி என்று சொல்லிவிட்டேன்.

"வெண்கலம், பெரியப்பா. ரெண்டாவது புக், சந்தை வர்ற இடம்."

எழுந்து போய்ப் பார்த்தேன். வெண்கலம்தான். அவள் வயதில் என் மாணவர்கள் யாரும் ஒரு புத்தகத்தை இப்படிப் படித்ததில்லை. சொல்லப்போனால் நானும் படித்ததில்லை. பிறகு அவளைத் திருத்த எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்காதா என்று காத்திருக்க ஆரம்பித்தேன். கிடைக்கவே இல்லை.

ஆறாவது புத்தகத்தின் முடிவில் சுக்கானி காணாமல் போனான். மூடுபனியில் படகு மட்டும் தனியாகக் கரைக்கு வந்தது. அதற்குள் அவன் தொப்பி கிடந்தது. அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிட்டது. ஏழாவது வர இரண்டு வருடம் ஆனது. அது வெளிநாட்டில் வெளியான வாரம், செய்தித்தாளில் அதைப் பற்றி வந்த பக்கத்தைத் தனக்குக் காட்டாமல் வெட்டி எடுத்துவிடச் சொல்லி என்னிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். மின்சார ரயிலில் கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் அடுத்த பெட்டிக்கு மாறிவிடுவாள். ஒரு முடிவைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒரு பெண் இவ்வளவு பாடுபட்டதைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன்.

கேம்ப் ரோடு நூலகத்துக்கு ஏழாவது புத்தகம் வந்தது பொங்கல் முடிந்த பிறகு. மார்ச்சில் அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. தம்பி மனைவி கீழே இறங்கி வந்தாள்.

"மாமா, அந்தப் புஸ்தகம் பரீட்சை முடியற வரைக்கும் உங்க பீரோவிலேயே இருக்கட்டும். அவ கண்ணுல பட்டா கணக்குப் பரீட்சை அன்னைக்கும் தீவுலதான் உட்கார்ந்திருப்பா."

ஆச்சரியப்படும்படி தம்பி மகள் உடனே ஒப்புக்கொண்டாள். தேர்வு முடியும்வரை கேட்கமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தாள். புத்தகத்தை நான் பூட்டி வைத்தேன். பூட்டுவதற்கு முன் படித்து முடித்தேன்.

சுக்கானி வருகிறான். எப்படி வருகிறான் என்பதைச் சொன்னால் நான் இன்னொரு குற்றம் செய்தவனாவேன். அவன் வரும் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். தூசி என்றேன்.

இனி, எங்கள் வீட்டு வாசலைச் சொல்லவேண்டும். கேட்டை ஒட்டிப் பாதாம் மரம், அதன் நிழலில் தரைக்கடியில் தண்ணீர் சம்ப், அதன் மேல் சிமெண்ட் மூடி. ஞாயிறு காலைகளில் கோவளம் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரம்மா அன்னக்கூடையோடு எங்கள் தெருவுக்கு வருவாள். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். எங்கள் கேட்டருகில்தான் உட்கார்ந்து எல்லா வீடுகளுக்கும் மீன் நறுக்கிக் கொடுப்பாள். கூடவே அவள் மகள் வரும். தம்பி மகளின் வயதுதான், கோவளத்தில் தமிழ்வழிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தது. அம்மா மீன் நறுக்கும் நேரமெல்லாம் இரண்டு பெண்களும் சம்ப் மூடியின் மேல் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஜன்னல் வழியாக வருடக்கணக்கில் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாளும் காதுகொடுத்ததில்லை. இரண்டு பெண்பிள்ளைகள் என்ன பேசிவிடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை மாலை தம்பி மகள் கணக்குப் புத்தகத்தோடு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பெரியப்பா, ஒண்ணே ஒண்ணு. சுக்கானி திரும்பி வரானா? ஆமா, இல்லை, அது மட்டும் போதும்."

"பரீட்சை முடியற வரைக்கும் கேக்க மாட்டேன்னு சொன்னது யாரு?"

"எனக்காகக் கேக்கல, பெரியப்பா."

அந்த வாக்கியத்தை நான் மதிக்கவில்லை. பிள்ளைகள் சொல்லும் சாக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வருகிறான் என்றால் எப்படி என்று கேட்பாள், அப்புறம் பீரோச் சாவியைத் தேடுவாள். வரவில்லை என்று சொல்லிவிட்டால் புத்தகத்தின் மேல் இருக்கும் ஆசையே போய்விடும், ஒழுங்காகப் படிப்பாள். தேர்வு முடிந்து புத்தகத்தைத் திறந்தால் நான் ஏமாற்றியது தெரிந்து சிரிப்பாள். அவளுடைய முடிவும் கெடாமல் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு இது மிகப் பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது.

"வரலம்மா," என்றேன். "உடம்புதான் கரை ஒதுங்குது. காதுல போட்டிருந்த செப்பு வளையத்தை வெச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறாங்க."

செப்பு வளையம் நானே சேர்த்தது. அது இருந்தால்தான் நம்புவாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"செப்பு வளையமா?" என்றாள். ஆறு புத்தகங்களிலும் அப்படி ஒரு வளையம் வந்ததா என்று மனதுக்குள் தேடுகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. என்னை அவள் சந்தேகப்படவில்லை. தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டாள். "சரி பெரியப்பா" என்று மாடிக்குப் போனாள். படியில் விசில் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. அடுத்த ஞாயிற்றிலிருந்து மீன்காரம்மா வரவில்லை. கேளம்பாக்கம் பக்கம் புது அடுக்குமாடிகள் வந்துவிட்டன, அங்கேயே கூடை காலியாகிவிடுகிறது, இனிமேல் தாம்பரம் வரை வரமாட்டாளாம் என்று என் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். நல்ல சங்கரா மீனுக்கு இனி எங்கே போவது என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது.

தேர்வு முடிந்த அன்று ஏழாவது புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். வாங்கத் தயங்கினாள். "முடிவு தெரிஞ்சிடுச்சே" என்றாள். "சும்மா படி" என்றேன். மறுநாள் காலை அவள் இறங்கி வரும் சத்தம் கேட்டதும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன்.

"வரான்," என்றாள்.

"வரான்தான்!" என்று நான் சிரித்தேன். "எப்படி ஏமாத்தினேன் பாத்தியா?"

அவள் சிரிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. "நான் அவகிட்ட சொல்லிட்டேனே, பெரியப்பா."

அன்றுதான் எனக்குச் சொன்னாள். முதல் புத்தகத்திலிருந்து ஆறாவது வரை முழுக் கதையையும் அந்தச் சம்ப் மூடியில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கு ஞாயிறு, அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொல்லிவந்திருக்கிறாள். ஒரு வரி கூட்டாமல், ஒரு வரி குறைக்காமல். சம்ப் மூடிதான் அவர்களுடைய படகு. அடியில் தண்ணீர் இருக்கிறதல்லவா. அதன் மேல் உட்கார்ந்தால் இரண்டு பேரும் பொய் சொல்லக் கூடாது என்பது விதி. அடுத்த ஞாயிறுதான் கடைசி, அதற்குப் பிறகு வரமாட்டோம், அன்றைக்குள் சுக்கானி வருகிறானா இல்லையா என்று மட்டும் எப்படியாவது கேட்டுச் சொல் என்று அந்தப் பெண் முந்தின வாரமே சொல்லியிருக்கிறது. அதற்காகத்தான் இவள் தன் வாக்கை மீறி என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் சொன்னதைச் செப்பு வளையத்தோடு அப்படியே அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அவளா தெரிஞ்சிக்கவே முடியாது. அவளுக்கு அவன் செத்துட்டான்."

"இது கதைதானேம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்ததுபோல எந்தத் தேர்வாளரும் என்னைப் பார்த்ததில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.

தாம்பரத்தில் பஸ் ஏறினோம். வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் உப்பளங்கள் தாண்டி, கோவளத்தில் இறங்கினோம். வழியெல்லாம் புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். தாம்பரத்துக்கு மீன் கொண்டுபோவார்களே, அவர்கள் வீடு எது என்று விசாரித்துக்கொண்டே குப்பத்துக்குள் நடந்தோம். ஒரு கிழவர் வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "மீனு வாங்க வூடு தேடி வர்ற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்று கைகாட்டினார்.

அம்மா மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். மகள் எங்களைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தது.

"இன்னாடி, பெரியப்பாவெல்லாம் இட்டுனு வந்துகீறே? கல்யாணப் பத்திரிகையா?"

தம்பி மகள் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. "சுக்கானி சாகல. திரும்பி வரான். நான் சொன்னது தப்பு."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது. பிறகு, "இத்த சொல்லத்தான் அம்மாந்தூரம் வந்தியா? நான் அழுதேன்னு மாத்திச் சொல்றே. வுடு" என்றது.

"நெஜமா. இதோ புக்கு."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னுதான புக்கைக் காட்டறே?"

இது என் முறை என்று புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தாம்மா தப்பா ஞாபகம் வெச்சுச் சொல்லிட்டேன்" என்றேன்.

"பெரியப்பா," என்றாள் தம்பி மகள். அவ்வளவுதான் சொன்னாள்.

"ஞாபகப் பிசகு இல்லை," என்றேன். "பொய் சொன்னேன்."

"படிச்சவரு. வாத்தியாரு. நீ இன்னாத்துக்கு சார் பொய் சொன்னே?"

"இவ பரீட்சைக்குப் படிக்கணும்னு."

"அதுக்கு ஒரு ஆளையே சாவடிச்சிட்டியா சார்?" என்றது. கேட்டது அது மட்டும்தான். ஆனால் நம்பவில்லை. பொய் சொன்னேன் என்று சொல்கிறவன் இப்போது சொல்வது மட்டும் நிஜமா என்று அதற்குத் தோன்றியிருக்கவேண்டும். புத்தகத்தை வெடுக்கென்று வாங்கி, "எந்தப் பக்கம்?" என்று கேட்டு, அங்கே விரலை நுழைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஓர் இளைஞன் அலையைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இங்கிலீஷ் படிப்பியா? இதுல இன்னா எழுதிக்கீதுன்னு தமிழ்ல சொல்லு. அவங்க மூஞ்சியப் பாக்காத."

"எதுக்குங்க?"

"பந்தயம்ணா. சொல்லு."

அவன் எங்களை ஒரு தடவை பார்த்தான். "பாக்காதன்னேன்ல" என்றது. அவன் பக்கத்தின் மேல் குனிந்தான்.

"ம்... விசில் சத்தம் கேக்குது. அவ மொதல்ல காத்துன்னு நினைக்கிறா. அப்புறம் திரும்பறா. மணிக்கூண்டுப் படிக்கட்டுல அவன் நிக்கறான். சட்டையெல்லாம் ஈரம். அப்புறம்... 'சூடா குடிக்க ஏதாவது இருக்கா'ன்னு கேக்கறான்." அவன் நிமிர்ந்தான். "யாருங்க இவன்?"

"எங்காளுதான்ணா," என்றது அந்தப் பெண். புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "இன்னொரு தபா படி" என்று திரும்ப அவனிடமே கொடுத்தது. அவன் இன்னொரு முறை படித்தான். தம்பி மகள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாகவேண்டும். அந்த நேரத்தில் எனக்கு மிகவும் லேசாக இருந்தது. பொய் சொன்னதை ஒத்துக்கொண்டாகிவிட்டது, நிஜம் நிலைநாட்டப்பட்டுவிட்டது, இரண்டு பெண்களும் சமாதானமாகிவிட்டார்கள். இனிமேல் நான் உண்மையே பேசுகிறவன் என்ற நினைப்பில் கடற்காற்றை இழுத்து மூச்சு விட்டேன்.

மீன்காரம்மா இவ்வளவு நேரமும் நெத்திலியைப் புரட்டிக்கொண்டேதான் இருந்தாள். எங்கள் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. இப்போது குனிந்தபடியே தம்பி மகளைக் கேட்டாள்.

"ஏன் பாப்பா, திரும்பி வந்தான்னியே. கரையில அவனை மொதல்ல யாரு பாத்தாங்க?"

தம்பி மகள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். மணலைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அவரோட சம்சாரம்தான்க்கா," என்றாள். "அவங்கதான் கரையில நின்னுட்டிருந்தாங்க. அவங்கதான் மொதல்ல பாத்தாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கா பிசகுகிறது? ஏழு புத்தகங்களிலும் சுக்கானிக்குச் சம்சாரமே கிடையாது. எத்தனையோ வருடமாக நான் காத்திருந்த வாய்ப்பு இதோ வந்துவிட்டது.

"சம்சாரமா?" என்றேன். "அவனுக்குக் கல்யாணமே ஆகலையேம்மா. மணிக்கூண்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே, துறைமுகத்துக் காவக்காரன்தான் மொதல்ல பாக்கறான். யாருன்னே தெரியாம, கரையேற வரி கட்டுன்னு கேக்கறான். நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு."

மீன்காரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"காவக்காரனா," என்றாள். "சரி சார்."

மறுபடி குனிந்து நெத்திலியைப் புரட்டினாள். ஏற்கெனவே புரட்டிய பக்கத்தையே புரட்டினாள். மகள் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் புரட்டத் தொடங்கியது. புத்தகத்தைத் தம்பி மகள் திரும்ப வாங்கவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டாள், தொலைந்துவிட்டதாக நூலகத்தில் நான்தான் சொல்லிக்கொள்ளவேண்டும் என்று பிறகு தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். உப்பளங்கள் வந்த பிறகும் அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. திருத்தியதில் கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, "நம்ம பழக்கம்தானேம்மா, பிசகினா அங்கேயே திருத்தறது" என்றேன்.

"நான் பிசகல, பெரியப்பா."

உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ மூணாவது படிக்கறப்ப அவ அப்பா கடலுக்குப் போனாராம். படகு மட்டும்தான் வந்துச்சாம். அக்கா இன்னும் பொட்டு வெச்சிருக்காங்களே, நீங்க பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்திருக்கிறேன். வியர்வையில் வழியும் அந்தப் பெரிய குங்குமப் பொட்டை, புறங்கையால் சரிசெய்துகொண்டு மீன் நறுக்குவதையும் பார்த்திருக்கிறேன்.

"நாங்க சம்ப் மேல உக்காந்து கதை பேசறப்ப அக்காவும் கேட்டுட்டுதான் இருப்பாங்க. கடைசி வாரம் நீங்க சொன்னதை நான் சொன்னப்பகூடக் கேட்டாங்க."

"என்கிட்ட ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவ சொல்லியிருந்தா."

திரும்பிப் போகலாம் என்றேன். இறங்கி அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றேன்.

"என்னன்னு சொல்வீங்க?"

யோசித்துப் பார்த்தேன். சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. நான் சொன்ன பொய்க்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அது என்னை இப்போது தொந்தரவு செய்வதில்லை. நான் சொன்ன உண்மைதான் தூங்கவிடுவதில்லை.

வண்டலூர் நெருங்கும்போது, வேறெதுவும் சொல்லத் தோன்றாமல், கேட்கக் கூடாததைக் கேட்டேன். "நீயும் கதையை மாத்திட்டியேம்மா. பொய் சொல்லக் கூடாதுங்கறதுதானே சுக்கானியோட விதி?"

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. மணி வெண்கலம் என்று சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"அது படகுல, பெரியப்பா. நாம கரையிலதான நின்னுட்டிருந்தோம்."

ஏழு புத்தகங்களையும் நான் இரண்டு முறை படித்திருந்தேன்.